ரோபோகோட்: எழுதிக் கொடுத்துட்டு கையைக் கட்டிக்கிட்டுப் பார்க்கிற சண்டை

(திரையில்: கறுப்புக் களம், இரண்டு டாங்கிகள். ஒன்று சுவரை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று நடுவில் நின்று சுடுகிறது. குண்டு எல்லாம் ஓடுகிற டாங்கிக்குப் பின்னாலேயே போய்ச் சுவரில் மோதுகிறது.)

வணக்கமுங்க. இந்த ரெண்டு டாங்கியையும் யாரும் ஓட்டவில்லை. கீபோர்டு, மவுஸ் எதற்கும் இங்கே வேலை கிடையாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஜாவாவில் நீங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் ஓடுகிறது, திரும்புகிறது, சுடுகிறது. ஸ்டார்ட் அழுத்தியதும் உங்கள் வேலை முடிந்தது. ஆட்டத்தின் பெயர் ரோபோகோட். மேத்யூ நெல்சன் என்பவர் உருவாக்கியது. 2001-இல் ஐபிஎம் வெளியிட்டது, 2005-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. இலவசம். பழைய லேப்டாப் போதும், கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் கேட்காது.

பெருந்துறை, சத்தி, திருச்செங்கோடு, பொள்ளாச்சி என்று நம்ம பக்கம் எங்கே திரும்பினாலும் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது. பல இடங்களில் ஜாவா லேப் என்றால் ரெக்கார்டு நோட்டில் இருப்பதைப் பார்த்து டைப் அடித்து, அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான். லூப், இன்ஹெரிட்டன்ஸ், ஈவென்ட் எல்லாம் மனப்பாடமாக இருக்கும், எதற்கு என்று தெரியாது. இங்கேயும் அதே மூன்றும்தான் வரும், ஆனால் தப்பாக எழுதினால் உங்கள் டாங்கி கண்ணெதிரே வெடித்துவிடும், ஏன் வெடித்தது என்று தேடாமல் தூக்கம் வராது. முதல் வருஷம், ரெண்டாம் வருஷம் படிக்கிற தம்பி தங்கச்சிகள் கையில் இது போய்ச் சேரவேண்டும் என்றுதான் தமிழில் சொல்கிறேன்.

(திரையில்: 100 என்ற எண், டாங்கியின் தலைக்கு மேல்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். களம் வழக்கமாக 800-க்கு 600 பிக்சல். டாங்கி 36 பிக்சல் சதுரம். ஆளுக்கு 100 எனர்ஜி. ஆட்டத்தில் நேரத்தை டிக் என்ற கணக்கில் அளப்பார்கள், ஒரு டிக்குக்கு அதிகபட்சம் 8 பிக்சல்தான் ஓட முடியும். உடம்பு, துப்பாக்கி, ரேடார் மூன்றும் தனித்தனியாகத் திரும்பும்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் நல்லா மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. சுடுவது இலவசம் இல்லை. குண்டுக்கு 0.1-லிருந்து 3 வரை எவ்வளவு பவர் கொடுக்கிறீர்களோ அவ்வளவு எனர்ஜி உங்கள் கணக்கிலிருந்து உடனே கழியும். பட்டால் பவரைப் போல மூன்று மடங்கு திரும்பி வரும். அதாவது மூன்று குண்டில் ஒன்றாவது பட்டால் போட்டது கைக்கு வந்துவிடும், அதற்குக் கீழே போனால் நஷ்டம். சுட்டுச் சுட்டே எனர்ஜி பூஜ்யம் ஆகிவிட்டால் டாங்கி நகராமல் நின்றுவிடும், அதற்கப்புறம் எவனாவது லேசாகச் சுட்டாலும் கதை முடிந்தது.

"ஏனுங்கண்ணா, அப்போ எப்பவும் 3 வைச்சே சுட்டா ஆகாதா, பட்டா எதிரிக்குச் சேதமும் 16 ஆகுதே?" என்று பெருந்துறையில் படிக்கிற ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பவர் ஏற ஏறக் குண்டு மெதுவாகப் போகும். வேகம் என்பது 20-லிருந்து பவரின் மூன்று மடங்கைக் கழித்தால் வருவது. பவர் 3 என்றால் 11, பவர் 1 என்றால் 17. எதிரி 440 பிக்சல் தள்ளி இருக்கிறான் என்று வையுங்கள். பவர் 3 குண்டு போய்ச் சேர 40 டிக் ஆகும், அதற்குள் அவன் 320 பிக்சல் ஓடிவிடலாம். பவர் 1 என்றால் சுமார் 26 டிக், அவனுக்கு 200 பிக்சலுக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். கிட்டத்தில் பெரிய குண்டு, தூரத்தில் சின்ன குண்டு. இந்த ஒரு வரியைக் கோடில் சேர்த்தாலே உங்கள் டாங்கி வேறு ஆளாகிவிடும்.

(திரையில்: முதலில் பார்த்த சண்டை, மெதுவான ஓட்டத்தில்.)

இப்போது இந்த நடுவில் நிற்கிற டாங்கியைப் பாருங்கள். எதிரே ஓடுவது வால்ஸ், ரோபோகோட்டோடு கூடவே வருகிற மாதிரி டாங்கிகளில் ஒன்று. நம்முடையது எதிரி இப்போது நிற்கிற இடத்தைப் பார்த்துச் சரியாகத்தான் சுடுகிறது. 97, 94, 91 என்று எனர்ஜி இறங்கிக்கொண்டே வருகிறது, ஒன்றும் படவில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் டவுன் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, ஜன்னல் இப்போது இருக்கிற இடத்துக்கு வீசினால் துண்டு ரோட்டில்தான் விழும், அது வரப்போகிற இடத்துக்கு வீச வேண்டும். அதே கணக்குதான்.

கோடில் எப்படி என்றால், ஒரு லூப் போடுங்கள். எதிரியின் வேகமும் போகிற திசையும் ரேடார் சொல்லிவிடும். அதை வைத்து அவனை ஒவ்வொரு டிக்காக மனக்கணக்கில் நகர்த்துங்கள், குண்டையும் கூடவே நகர்த்துங்கள், குண்டு போன தூரம் அவன் இருக்கும் தூரத்தை எட்டியதும் லூப்பை நிறுத்தி அந்த இடத்தைக் குறிவையுங்கள். இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் மூலை. வால்ஸ் மூலைக்கு வந்ததும் நின்று திரும்பும், உங்கள் கணக்கோ அதைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். டாங்கியின் நடுப்புள்ளி சுவருக்கு 18 பிக்சலுக்கு மேல் நெருங்க முடியாது, அதனால் கணக்கில் வருகிற இடம் 18-க்கும் 782-க்கும், மேலே கீழே 18-க்கும் 582-க்கும் தாண்டாமல் பிடித்து வையுங்கள்.

(திரையில்: எதிரியின் எனர்ஜி 80-லிருந்து 78 ஆகிறது. அந்த எண்ணைச் சுற்றி வட்டம்.)

எனக்கு இந்த ஆட்டத்தில் உயிரே இந்த இடம்தான். எதிரி சுடுகிற குண்டை உங்கள் ரேடாரால் பார்க்கவே முடியாது. திரையில் நமக்குத் தெரிகிறது, டாங்கிக்குத் தெரியாது. ஆனால் எதிரியின் எனர்ஜி தெரியும். போன டிக்கில் 80, இந்த டிக்கில் 78 என்றால், நம் குண்டு அவன் மேல் படவில்லை, அவன் எதிலும் மோதவுமில்லை என்றால், அவன் பவர் 2-இல் ஒரு குண்டு விட்டிருக்கிறான். பவர் 2 என்றால் வேகம் 14. தூரம் 420 என்றால் 30 டிக்கில் வந்து சேரும். கண்ணுக்கே தெரியாத குண்டு, அது வந்து சேருகிற நேரம்கூட நம் கையில் இருக்கிறது! தேர்ந்தவர்கள் அந்தக் குண்டை எதிரியிடமிருந்து விரிகிற ஒரு வட்ட அலையாக வரைந்துகொண்டு, அலை நம்மைத் தொடும்போது எந்த இடத்தில் நின்றால் ஆபத்து குறைவு என்று பழைய அடிகளை வைத்துக் கணிப்பார்கள். அதற்கு வேவ் சர்ஃபிங் என்று பெயர். ஆரம்பத்தில் அவ்வளவு தூரம் போகவேண்டாம். எதிரிக்குப் பக்கவாட்டில் ஓடுங்கள், எனர்ஜி குறையும்போதெல்லாம் சில சமயம் திசையை மாற்றுங்கள், சில சமயம் மாற்றாதீர்கள், அது போதும்.

இதற்கு ரேடார் ஒவ்வொரு டிக்கும் எதிரி மேலேயே இருக்கவேண்டும். சும்மா சுற்ற விட்டால் இடையில் போன குண்டைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

அப்புறம் புள்ளி. யாராவது சாகும்போது உயிரோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் 50. கடைசியாக நிற்பவருக்குச் செத்தவர் ஒருவருக்கு 10 வீதம் கூடுதல். குண்டால் செய்கிற சேதம் ஒவ்வொன்றுக்கும் 1, அந்த எதிரியைக் கொன்றதும் நீங்கள்தான் என்றால் அவனுக்குச் செய்த சேதத்தில் 20 சதவீதம் மேலே. போய் மோதிச் செய்கிற சேதத்துக்கு இரட்டிப்பு. இதைக் கூட்டிப் பாருங்கள்: பத்து டாங்கி மோதுகிற ரவுண்டில் ஒரு குண்டும் சுடாமல் கடைசி வரை பிழைத்தவனுக்கு 450-உம் 90-உம் சேர்த்து 540. ரெண்டே பேர் மோதும்போது பிழைத்ததற்கு 60 மட்டும்தான், சேதத்தில்தான் புள்ளி. அதனால் ஒரே டாங்கியை ரெண்டுக்கும் அனுப்பாதீர்கள், பத்து பேர் ஆட்டத்துக்குத் தனியாக எழுதுங்கள். ஒளிந்தே இருந்துவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம், 450 டிக் வரை பெரிதாக ஒன்றும் நடக்காவிட்டால் எல்லோருடைய எனர்ஜியும் தானாகக் கரைய ஆரம்பிக்கும்.

நண்பர்களோடு ஆட இன்டர்நெட்கூட வேண்டாம். ஆளுக்கொரு டாங்கியை பேக்கேஜ் செய்து பென் டிரைவில் போட்டு, ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பில் ஏற்றிவிட்டால் போட்டி ரெடி. முதலில் வால்ஸை ஜெயியுங்கள். ஜெயிக்கிற கோடை எங்கிருந்தாவது எடுத்துவந்து ஒட்டாதீர்கள், தோற்றாலும் நீங்கள் எழுதியதாக இருக்கட்டும். எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்களோ அதைக் கீழே தமிழிலேயே எழுதுங்கள், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துப் பதில் சொல்கிறேன்.