அயர்லாந்து இசைக்குக் கைவினைப் பூசூக்கி: முதலில் நீளத்தை முடிவு செய்யுங்கள்

[காட்சி: மேசையில் இரண்டு வாத்தியங்கள். ஒன்றின் முதுகு பாதிப் பூசணி போல உருண்டிருக்கிறது. மற்றொன்றின் முதுகு தட்டை.]

பூசூக்கி என்பது நீண்ட கழுத்துள்ள, கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கட்டி மீட்டும் வாத்தியம். உருண்டை முதுகு உள்ளது கிரேக்கத்துப் பூசூக்கி. தட்டையானது அயர்லாந்துக்காரர்கள் மாற்றிக்கொண்டது. 1960களின் நடுவில் இசைக்கலைஞர் ஜானி மொய்னிஹான் பூசூக்கியை அயர்லாந்து மரபிசைக்குள் கொண்டுவந்தார். ஆண்டி இர்வின், டோனல் லன்னி இருவரும் தொடர்ந்தார்கள். 1970இல் பீட்டர் ஆப்நெட் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் லன்னிக்காக ஒரு வாத்தியம் செய்தார். ஆழமான கிண்ண முதுகு குறையத் தொடங்கியது அதிலிருந்துதான். ஆனால் டி டானன் என்ற அயர்லாந்து இசைக்குழுவின் அலெக் ஃபின் மூன்று ஜோடிக் கம்பியுள்ள கிரேக்க வாத்தியத்தையே வைத்து அழகாக வாசித்தார். ஆகவே உருண்டை முதுகு தவறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மடியில் வழுக்கும், அவ்வளவுதான்.

[காட்சி: கழுத்தின் மேல் அளவு நாடா.]

கைவினைஞருக்கு எழுதும்போது பெரும்பாலானோர் மரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் நீளத்தைக் கேட்கச் சொல்வேன். கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து மேற்பலகையில் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் தூரம் அது. அயர்லாந்துப் பூசூக்கிகளில் பெரும்பாலும் 60 முதல் 66 சென்டிமீட்டர்.

ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. ஐந்தாவது ஃபிரெட் எந்த வாத்தியத்திலும் ஏறக்குறைய மொத்த நீளத்தின் கால் பங்கில் வரும். 66 சென்டிமீட்டரில் அது 16.5. 56இல் 14. இந்த இரண்டரை சென்டிமீட்டர்தான் உங்கள் சுண்டுவிரலின் தலைவிதி. ரீல் என்ற வேகமான நடன மெட்டை வரிக்கு வரி வாசிக்க ஆசையென்றால் குறைந்த நீளம் கேளுங்கள். ஃபிடிலுக்கும் புல்லாங்குழலுக்கும் பின்னால் துணை வாசிப்பதுதான் நோக்கம் என்றால் நீளமானதை எடுங்கள். தாழ்ந்த ஜி கம்பி தொய்யாமல், தெளிவாக ஒலிக்கும்.

[காட்சி: நான்கு ஜோடிகளும் ஒவ்வொன்றாக மீட்டப்படுகின்றன.]

அடுத்தது சுருதி. அயர்லாந்தில் பரவலானது ஜி, டி, ஏ, டி. டி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: கீழ் ம, ச, ப, மேல் ச. டி-யில் அமைந்த மெட்டுக்கு விரல் படாத கம்பிகளே தம்புரா போலக் கூட நிற்கும். இந்த இசைக்கு இந்தக் கருவி இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வேறு சுருதிக்குப் போக, எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டுக்கொள்வார்கள்.

தாழ்ந்த ஒலியுள்ள ஜி, டி ஜோடிகளில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இரு கம்பிகளும் ஒரே ஸ்தாயியிலா, ஒன்று மேல் ஸ்தாயியிலா? மேல் ஸ்தாயிக் கம்பி சேர்ந்தால் ஒலி மின்னும். ஆனால் மெட்டு ஏ ஜோடியிலிருந்து தாழ்ந்த டி ஜோடிக்கு இறங்கும்போது, இறங்க வேண்டிய ஸ்வரத்தோடு ஒரு மேல் ஸ்வரமும் எழும். மெட்டின் கோடு கலங்கும். லன்னி ஒரே ஸ்தாயிக்கு மாறி அடிநாதத்தைத் திடமாக்கினார். நானும் அந்தப் பக்கம்தான். எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நட்டில் வெட்டும் பள்ளத்தின் அகலம் கம்பியின் தடிமனைப் பொறுத்தது.

மரம்? மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ் கேட்டால் போதும். சிடார் சற்று மென்மையாக ஒலிக்கும். முதுகுக்கு மேப்பிள், வால்நட், மஹோகனி, ரோஸ்வுட். உலகெங்கும் இந்தியன் ரோஸ்வுட் என்று விற்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான்.

[காட்சி: வாத்தியம் கண்மட்டத்தில், பக்கவாட்டில்.]

தயாரான வாத்தியம் கையில் கிடைத்தால் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எட்டு எஃகுக் கம்பிகள் இரவும் பகலும் இழுக்கின்றன. பிரிட்ஜுக்கு முன்னால் மேற்பலகை குழிந்து, பின்னால் வெகுவாகப் புடைத்திருந்தால் வேண்டாம். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் எஃகுத் தண்டு உண்டா என்று கேளுங்கள். பிறகு 12ஆவது ஃபிரெட்டில் ஒவ்வொரு ஜோடியையும் அழுத்தி மீட்டுங்கள். விரல் படாத ஒலியின் சரியான மேல் ஸ்தாயி வர வேண்டும். ஒட்டாத பிரிட்ஜ் என்றால் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்யலாம். ஒட்டியது என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

கடைசியாக, யாரையாவது பக்கத்தில் ஃபிடில் வாசிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் போனில் ஒரு ரீலைச் சத்தமாகப் போடுங்கள். அதன் நடுவே தாழ்ந்த ஜி-யை மீட்டி, அது தனியாகக் காதில் விழுகிறதா என்று கேளுங்கள்.