மொட்டை மாடியில தனியா பாக்ஸிங்: மணிக்கட்டு வலியும் வீடியோவும்

அடுத்த கேள்வி வியாசர்பாடியில இருந்து ஒரு தம்பி. "மாஸ்டர், வீடியோ பார்த்து மொட்டை மாடியில தனியா பிராக்டிஸ் பண்றேன். மணல் மூட்டை கட்டி அடிக்கிறேன், ரைட்டு கை மணிக்கட்டு வலிக்குது. கோச் இல்லாம கத்துக்க முடியுமா, முடியாதா?"

பாதி முடியும்பா. நிக்கிறது, நகர்றது, குத்து போற பாதை, இதெல்லாம் தனியா பழகலாம். எவ்ளோ தூரத்துல நின்னா படும், எந்த நேரத்துல போடணும், இதுக்கு எதிர்ல ஆள் வேணும். ஆனா முதல்ல உன் வலியைப் பார்ப்போம், கை போச்சுன்னா மத்ததைப் பேசி பிரயோஜனம் இல்ல.

வலி எந்தப் பக்கம்னு நீ எழுதல. சுண்டுவிரல் பக்கம் வீங்கி, முஷ்டி மடக்கினா அந்த முட்டி உள்ள எறங்கிப் போன மாதிரி இருந்துச்சுன்னா எலும்பு உடைஞ்சிருக்கலாம். கட்டைவிரலை நல்லா விரி, அதுக்கு அடியில மணிக்கட்டு ஓரமா ஒரு குழி விழும். அந்தக் குழியை அமுக்கினா சுருக்குன்னு வலிக்குதா? அதையும் விடாத. அங்க இருக்கிற சின்ன எலும்புல கீறல் விட்டா முதல் எக்ஸ்ரேல சில சமயம் தெரியாது, பத்து நாள், ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. இந்த ரெண்டுல எது இருந்தாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டரைப் பாரு. எண்ணெய் தடவி நீவி விடுற வேலை வேணாம்.

ரெண்டும் இல்ல, அடிக்கும்போது மட்டும்தான் வலின்னா மணிக்கட்டு மடங்குது. ஒண்ணு பண்ணு. செவுத்துல மடிச்ச துண்டை வச்சு, முஷ்டியை அதுமேல வச்சு, உடம்பு வெயிட்டை மெதுவா சாய். ஆள்காட்டி விரல் முட்டியும் நடுவிரல் முட்டியும்தான் அழுந்தணும். புறங்கையும் முன்னங்கையும் ஒரே நேர்கோடு. நிறைய பேருக்கு கை கீழ மடங்கும், இல்ல சுண்டுவிரல் பக்கம் சாயும். பத்து செகண்ட் அசையாம நிக்க முடியுதான்னு பாரு. முடியலன்னா பேக்கை வேகமா அடிக்க உனக்கு இன்னும் நேரம் வரல.

அப்புறம் அந்த மணல் மூட்டை. முதல்ல இறக்கிடு. மணல் தொங்கத் தொங்க அடியில எறங்கி கல்லா ஆயிடும். கீழ அப்பர்கட், அதாவது கீழ இருந்து மேல தூக்கிப் போடுற குத்து, போட்டா கை போகும், மேல காலியா கிடக்கும். பழைய துணி, தையல் கடையில விழுற வெட்டுத் துணி போதும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் அதுக்கா பஞ்சம்? கொஞ்சம் கொஞ்சமா போட்டு கட்டையால இடிச்சு இடிச்சு நிரப்பு. உன் வெயிட்டுல பாதி இருந்தா போதும், 60 கிலோ ஆளுக்கு 30 கிலோ. ஷீட்டு தாங்குற பைப்புல கட்டாத, ஆடுற பேக் இழுக்கிற இழுப்பு தனி.

பேண்டேஜ் 180 இன்ச், அதாவது நாலரை மீட்டர் வாங்கு. 108 இன்ச் உனக்குப் பத்தாது. விரலை நல்லா விரிச்சு வச்சுக்கிட்டு சுத்தணும், மூடிக்கிட்டு சுத்தினா முஷ்டி புடிக்கும்போது ரத்தம் நின்னுரும். மணிக்கட்டுல நாலு சுத்து, முட்டி மேல மூணு சுத்து, விரலிடுக்கு, கட்டைவிரல், கடைசியில மீதி இருக்கிறதெல்லாம் திரும்ப மணிக்கட்டுக்கு. பேக்குக்கு 12 அவுன்ஸ் க்ளவுஸ், ஸ்பாரிங்க்கு, அதாவது எதிர்ல ஆளை வச்சு மோதிப் பழகுறதுக்கு, 16. பெரியமேட்டுல கையில மாட்டிப் பார்த்து வாங்கு, பேண்டேஜ் சுத்தின கையோட.

இப்ப வீடியோ விஷயம். யாரும் சொல்லாத ஒரு கோளாறு இதுல இருக்கு. சொல்லித் தர்றவர் உன்னைப் பார்த்து நிக்கிறாரு. அவரோட லெஃப்ட் கால் முன்னால. அது உனக்கு ஸ்கிரீன்ல வலது பக்கம் தெரியும். நீ அப்படியே பார்த்து நின்னா ரைட்டு காலை முன்னால வச்சிருப்ப. ரைட்டு கைக்காரன் தெரியாமலே சவுத்பாவா, அதாவது இடது கைக்காரன் மாதிரி நிக்கிறவனா, மாறிடுவான், அப்புறம் ஏன் குத்துல பவர் இல்லன்னு கேப்பான். அதனால அவரு முதுகைக் காட்டி நிக்கிற வீடியோவா தேடு. சிலது திருப்பிப் போட்ட வீடியோவா இருக்கும், க்ளவுஸ்ல எழுத்து நேரா தெரியுதான்னு பாத்துக்கோ. உன்னை எடுக்கும்போதும் செல்ஃபி கேமரா வேணாம், பின் கேமரா. நெஞ்சு உயரத்துல, ஒருதடவை முன்னால, ஒருதடவை பக்கவாட்டுல, 30 செகண்ட் போதும்.

எடுத்ததை பார்க்கும்போது ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பாரு. லெஃப்ட் குத்து போகும்போது ரைட்டு கை தாடையை விட்டு எறங்குதா? இது மட்டும் ஒரு வாரம். அடுத்து, குத்து போன பாதையிலயே திரும்புதா, இல்ல இடுப்பு வழியா சுத்தி வருதா? அடுத்து கால். லெஃப்ட்டுல போகணும்னா லெஃப்ட் கால் முதல்ல, ரைட்டுல போகணும்னா ரைட்டு கால் முதல்ல. பின்னங்கால் குதிகால் லேசா தூக்கி இருக்கணும். ரைட்டு கிராஸ், அதாவது பின் கையால போடுற நேர்க்குத்து, போடும்போது அந்தக் கால் திரும்பலன்னா இடுப்பு திரும்பாது, தோள்பட்டை மட்டும்தான் வேலை செய்யும். உன் மணிக்கட்டு வலிக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், இடுப்பு வராதப்ப கையை நீட்டி எட்டிப் புடிச்சு அடிப்ப, கை மடங்கும்.

காசிமேடு மணல்ல ஓடு, கெண்டைக்காலுக்கு நல்லது. ஆனா ஃபுட்வொர்க் அங்க பழகாத, மணல்ல கால் திரும்பாது. மாடியில துணி காயப்போடுற கயிறு இருக்கா? தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டு. அதுக்கு அடியில இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புகுந்து வா, ஜாப், அதாவது முன் கையால நேரா போடுற குத்து, போட்டுக்கிட்டே முன்னால போ. முழங்கால் மடங்கணும், இடுப்பு குனியக் கூடாது, கண்ணு தரையைப் பார்க்கக் கூடாது. மூணு நிமிஷம், ஒரு நிமிஷம் ரெஸ்ட், அப்படி மூணு ரவுண்ட். அமெச்சூர் போட்டியிலயும் அதான் கணக்கு.

எந்த வீடியோ பார்க்கக் கூடாதுன்னா, பெரிய ஆளுங்க கையைத் தொங்கவிட்டு ஆடுறது. முகமது அலி 1980ல நம்ம நேரு ஸ்டேடியத்துக்கே வந்து இன்னொரு பாக்ஸர் ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடிட்டுப் போனவரு, வடசென்னைப் பையனுக்கு அந்த ஆசை இருக்கிறது தப்பில்ல. ஆனா அவரு தலையைப் பின்னால இழுத்து தப்பிச்சதுக்கு அவரோட காலும் கண்ணும் வேணும். அதே மாதிரி கோச் கையில மாட்டிப் புடிக்கிற பேடுல படபடன்னு இருபது குத்து போடுற வீடியோ. பாதி தட்டுறதுதான், க்ளவுஸோட உள்பக்கம் படுது. போட்டியில முட்டிப் பகுதி பட்டாதான் கணக்கு, உள்ளங்கைப் பக்கம் பட்டா பாயிண்ட் இல்ல, ரெஃப்ரி கூப்பிட்டு சொல்லுவாரு.

எவ்ளோ தூரத்துல நிக்கணும்னு பழக ஒரு ஃபிரெண்டை கூப்பிட்டுக்கோ. குத்து வேணாம், தோளைத் தொடுற ஆட்டம் ஆடுங்க, திறந்த கையால. ரெண்டு நிமிஷத்துல தெரியும் நீ எவ்ளோ கிட்ட போய் நிக்கிறன்னு. ஆனா கோச் இல்லாம மாடியில ஸ்பாரிங் மட்டும் கூடவே கூடாது. ஹெட்கார்டு போட்டா மூளை அதிர்ச்சி வராதுன்னு நெனைக்காத, அது வெட்டுக் காயத்தைக் குறைக்கும், அவ்ளோதான். அடி வாங்கினதுக்கு அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ரெண்டு மாசம் இப்படிப் பண்ணிட்டு உங்க ஏரியா கிளப்புக்கு ஒரு சாயங்காலம் சும்மா போய் உக்காந்து பாரு. புதுசா வந்த பையனை முதல் நாளே ரிங்குல ஏத்தி அடிக்க விடுறாங்கன்னா அங்க சேராத. அவனை ஓரமா நிக்க வச்சு காலை திருத்திக்கிட்டு இருந்தாங்கன்னா, அங்கயே பேரைக் கொடுத்துட்டு வா.