புளியந்தோப்பு மூழ்கிய ஏரி

நேயர்களுக்கு வணக்கம். பிலிப்பைன்ஸ் போய்வந்தேன் என்றால் எல்லோரும் கடற்கரையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் போனது மணிலாவுக்குத் தெற்கே இருக்கும் லகுனா மாகாணத்துக்கு. தலைநகரை ஒட்டிய ஊர்களில் தொழிற்சாலைகள் நெருக்கியடிக்கின்றன. உள்ளே போகப் போகத் தென்னையும் வயலும் தண்ணீரும்தான். நாட்டின் மிகப் பெரிய ஏரி இங்கேதான் கிடக்கிறது. பரப்பு சுமார் 900 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழமோ மூன்று மீட்டர்கூட இல்லை.

என் மனம் ஒட்டிக்கொண்டது சான் பாப்லோ நகரைச் சுற்றியுள்ள ஏழு சின்ன ஏரிகளில். பூமிக்குள்ளிருந்து எழும்பிய எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட, அது நீராவியாக வெடித்துப் பறித்த குழிகள் அவை. இது பாடப்புத்தகம் சொல்லும் கதை. ஊர்க்கதை வேறு. ஏழில் பெரியதன் பெயர் சம்பாலோக். தகலோக் மொழியில் புளி. புளியந்தோப்பு வைத்திருந்தவர்கள், வாசலில் வந்து நின்ற கிழவிக்குப் பழம் தர மறுத்தார்களாம். வந்தவள் தேவதை. தோப்பு அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. உதிர்ந்த புளியைக்கூடப் பொறுக்க விடாதவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ஊர் இன்னும் மூழ்காமல் இருப்பது ஆச்சரியம்தான்.

பக்சங்ஹான் அருவி பேர்பெற்றது. அருவி விழுவது பக்கத்து ஊரான கவிந்தியின் எல்லையில். பேர் மட்டும் பக்சங்ஹானுக்கு. ஆற்றை எதிர்த்துத்தான் படகு போக வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பாறை குறுக்கிட்டால் குதித்து இறங்கி, காலால் பாறையை உதைத்துப் படகை ஏற்றுகிறார்கள். நாம் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அருவியைவிட அவர்களுடைய கணுக்கால்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

மக்கிலிங் எரிமலையின் அடிவாரத்தில் லோஸ் பான்யோஸ். அந்த ஸ்பானியப் பெயருக்குக் குளியலிடங்கள் என்று பொருள். வெந்நீர் ஊற்றுகளால் வந்த பெயர். நான் குளிக்கவில்லை. அங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 1966இல் ஐ.ஆர். 8 வெளிவந்தது அங்கிருந்துதான். எங்கள் வயலிலும் அது விளைந்தது. மூட்டை மூட்டையாகக் கண்டது. ஆனால் மோட்டா அரிசி; சோறு ஆறினால் விறைத்துவிடும். அப்பா அதையெல்லாம் விற்றுவிட்டு, வீட்டுக்கு வேறு நெல் வாங்கினார்.

மறுநாள் பாந்தின் ஏரிக்குப் போனேன். ஏழில் அழகு இதுதான். மூங்கில் தெப்பத்தில் ஏற்றி, குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உள்ளூர்ப் பெண்கள். தெப்பத்திலேயே வாழை இலையில் சாப்பாடு: சுட்ட திலாப்பியா மீன், தேங்காய்ப்பாலில் இறால், சோறு. சோறு ஆறித்தான் இருந்தது. ஆனாலும் பூவாக இருந்தது. என்ன ரகம் என்று ஆவலோடு கேட்டேன்.

“கடையில் வாங்கியது” என்றார் அந்த அக்கா, கயிற்றை இழுத்தபடியே.