நிமிர்ந்து நிக்கிற பைப்ல ஃப்ளோ மீட்டர்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆலையில, சுத்திகரிப்பு நிலையத்துல, பம்ப் ரூம்ல வேலை பாக்குற ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஆபரேட்டர் தம்பி தங்கச்சிங்க நிறைய பேரு இப்ப கேட்டுட்டு இருப்பீங்க, உங்களுக்காகத்தான் இந்த பேச்சு. செங்குத்தா போற பைப்ல ஃப்ளோ மீட்டர், அதாவது தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு அளக்கிற கருவி, மாட்டுறப்போ என்னெல்லாம் பாக்கணும்னு சொல்லப் போறேன்.

நம்ம ஊர்ல அதிகமா பாக்குறது மேக்னடிக் ஃப்ளோ மீட்டர்தான். கழிவுநீர், சாயத்தண்ணி, சுண்ணாம்புக் கரைசல் எல்லாத்துக்கும் அதையே போடுறாங்க. உள்ள சுத்துற பாகம் எதுவும் கிடையாது. காந்தப்புலத்துக்கு குறுக்கே தண்ணி ஓடுறப்போ சின்னதா ஒரு வோல்டேஜ் உண்டாகும், அத உள்சுவத்துல தண்ணியத் தொட்டுட்டு இருக்கிற ரெண்டு எலக்ட்ரோடு, அதாவது உலோக முனை, பிடிச்சு வேகமா மாத்தி சொல்லும். 1832லயே மைக்கேல் ஃபாரடே லண்டன்ல வாட்டர்லூ பாலத்துல இருந்து தேம்ஸ் ஆத்துக்குள்ள தகடு இறக்கி இந்த வோல்டேஜ அளக்கப் பாத்தாரு, அப்ப இருந்த கருவிய வச்சு முடியல.

இங்க ஒரு விஷயத்த கெட்டியா பிடிச்சுக்கணும். மீட்டருக்கு தெரிஞ்சது வேகம் மட்டும்தான். பைப் முழுசா நிறைஞ்சிருக்குன்னு நம்பித்தான் அது லிட்டர் கணக்கு போடுது. 100 மில்லிமீட்டர் பைப்ல நொடிக்கு 2 மீட்டர் வேகம்னா மணிக்கு சுமாரா 56 கன மீட்டர்னு காட்டும், ஆனா உள்ள பாதி காத்தா இருந்தா நெசமா போறது அதுல பாதிதான், மீட்டர் அப்பவும் முழு பைப்புக்குத்தான் கணக்கு சொல்லும், சில நேரம் எலக்ட்ரோடு காத்துல மாட்டிக்கிட்டு ரீடிங் மேலயும் கீழயும் தாவும், உடனே எல்லாரும் மீட்டர் ரிப்பேர்னு கம்பெனிக்கு ஃபோன் போடுவாங்க.

அதனாலதான் செங்குத்து பைப்னா தண்ணி கீழ இருந்து மேல ஏறணும்னு சொல்றோம். ஏறுற தண்ணி பைப்ப நிறைச்சுக்கிட்டேதான் ஏறும், காத்துக்குமிழியும் அதோடயே மேல போயிடும், பம்ப் நின்னா மண்ணும் சகதியும் எலக்ட்ரோடு மேல படியாம கீழ இறங்கிடும். சகதித் தண்ணி ஓடுற இடத்துல இன்னொரு லாபமும் இருக்கு, படுக்கை பைப்புன்னா அடிப்பக்கம் மட்டும் லைனர், அதாவது மீட்டரோட உள்சுவத்துல இருக்கிற உறை, தேயும், நிமிர்ந்த பைப்ல சுத்திவர ஒரே மாதிரி தேயும், அதனால கூட கொஞ்ச காலம் உழைக்கும்.

இறங்குற பைப்ல மாட்டினா என்ன ஆகும்? மாடி டேங்க்ல இருந்து கீழ வர்ற லைன வச்சு பாருங்க. தண்ணி தன் எடையிலயே வேகமா விழுந்துடும், பைப் நிறையவே நிறையாது. அப்படியே நிறைஞ்சாலும் மீட்டருக்குக் கீழ பைப் நீளமா தொங்குச்சுன்னா அந்த தண்ணி மேல இருக்கிறத இழுக்கும். 10 மீட்டர் தண்ணிக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம், நம்மளச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அப்ப 6, 7 மீட்டர் தொங்கினாலே மீட்டருக்குள்ள வெற்றிடம் மாதிரி ஆயிடும். டெஃப்லான் லைனரு அதுல உள்பக்கமா உறிஞ்சப்பட்டு சுருங்கிடும். அப்படி ஒரு மீட்டரக் கழட்டி டார்ச் அடிச்சு பாத்திருக்கேன், வெள்ளை லைனர் ஒரு பக்கம் புடைச்சு எலக்ட்ரோட மூடிட்டு நின்னுச்சு. அத சரி பண்ண வழி இல்ல, புதுசுதான் வாங்கணும். மீட்டர் வெல கேட்டா தெரியும் அந்த முதலாளி படுற பாடு.

வேற வழியே இல்ல, இறங்குற லைன்லதான் வைக்கணும்னா, மீட்டரத் தாண்டி பைப்ப மறுபடி மேல ஏத்தி வளைச்சு விடுங்க, வெளியேறுற வாய் மீட்டர விட உயரத்துல இருக்கணும். அப்படி வளைக்க முடியாம, மீட்டருக்குக் கீழ 5 மீட்டருக்கு மேல பைப் தொங்குச்சுன்னா மீட்டருக்கு அப்புறம் காத்து உள்ள விடுற வால்வு போடணும். ஓட்டத்தக் குறைக்கிற வால்வு எதா இருந்தாலும் மீட்டருக்கு அப்புறம்தான் வரணும். பம்ப் உறிஞ்சுற பக்கம் மீட்டர் வேண்டவே வேண்டாம்.

ரோட்டாமீட்டர், அதாவது கண்ணாடிக் குழாய்க்குள்ள மிதவை ஏறி இறங்கி ஓட்டத்தக் காட்டுற மீட்டர், வச்சிருக்கிறவங்களுக்கு பேச்சே இல்ல, அது நேரா நிமிர்ந்து, தண்ணி கீழ இருந்து மேல போனாத்தான் வேலையே செய்யும், ஏன்னா மிதவைய தூக்குறது தண்ணி, கீழ இழுக்குறது அதோட எடை. சாய்ஞ்சா மிதவை கண்ணாடிச் சுவத்துல உரசும். ரசமட்டம் வச்சு பாத்துட்டு மாட்டுங்க. ஓட்டத்துல உண்டாகுற சுழல எண்ணி அளக்கிற வோர்டெக்ஸ் மீட்டர்லயும் திரவம்னா மேல்நோக்கித்தான், ஆவி, காத்துன்னா ரெண்டு பக்கமும் ஓடலாம்.

இப்ப மாட்டுற வேலை. மேக்னடிக் மீட்டருக்கு முன்னாடி பைப் விட்டத்தப் போல 5 மடங்கு, பின்னாடி 2 மடங்கு நேர் பைப் விடச்சொல்லி பெரும்பாலான கம்பெனிங்க கேக்குறாங்க, 100 மில்லிமீட்டருக்கு அது அரை மீட்டரும் 20 சென்டிமீட்டரும்தான், ஆனா பம்ப்ப ஒட்டியே எல்போ போட்டு அதுல மீட்டர சொருகுற பழக்கம் போகவே மாட்டேங்குது. அம்புக்குறி ஓட்டத்தோட போகணும். பெல்ட்ட உடம்பச் சுத்தி போட்டு தூக்குங்க, மேல இருக்கிற டிஸ்ப்ளே டப்பாவ பிடிச்சோ, உள்ள கம்பி விட்டோ தூக்கக் கூடாது. பைப் எடைய தாங்குறதுக்கு தனியா கிளாம்ப் இருக்கணும், மீட்டர் மேல பாரம் ஏறக் கூடாது. கேஸ்கட் உள்பக்கம் துருத்தவே கூடாது, கிராஃபைட் கேஸ்கட் போடாதீங்க, அது உள்ள கரிப் படலம் மாதிரி படிஞ்சு சிக்னல கெடுக்கும். பிவிசி பைப்னா ரெண்டு பக்கமும் தண்ணிய எர்த்தோட இணைக்கிற எர்த்திங் வளையம் போடணும், இல்லாட்டி ரீடிங் நிக்காது. பக்கத்துல வெல்டிங் இருந்தா மீட்டர கழட்டி வச்சுட்டு பண்ணச் சொல்லுங்க, வெல்டர் அவசரப்பட்டாலும் விடாதீங்க, சூட்டுல லைனர் கெட்டுடும். கேபிள் உள்ள நுழையுற வாய், அதாவது கிளாண்டு, கீழ பாத்து இருக்கணும், கேபிள் கொஞ்சம் தொங்கி வளைஞ்சு ஏறினா மழைத்தண்ணி உள்ள இறங்காது.

எல்லாம் முடிஞ்சதும் பைப்ப தண்ணியால நிறைச்சு காத்த வெளியேத்துங்க, மீட்டருக்கு ரெண்டு பக்கமும் வால்வ மூடி ஒரு பத்து நிமிஷம் அப்படியே விடுங்க, ரீடிங் பூஜ்யத்துல நிக்கணும். நிக்காம ஓடிட்டே இருந்தா பூஜ்யத்த மாத்தி அமைக்கிற பட்டன அமுக்காதீங்க, முதல்ல எர்த்திங்க பாருங்க, அப்புறம் வால்வு கசியுதான்னு பாருங்க.