ஜான் வாஷிங்டன் யார் வீட்டுப் பிள்ளை?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வாஷிங்டன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் இன்றைக்குச் சாட்சி சொல்ல மட்டும் வருவார். அதுவும் உருப்படியான சாட்சி இல்லை. வழக்கு அவருடைய கொள்ளுத்தாத்தா ஜான் வாஷிங்டனைப் பற்றியது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, வர்ஜீனியாவில் நிலம் சேர்த்து, 1677இல் செத்துப்போன மனிதர். அவருக்கு அப்பா யார்? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க அவர் இறந்து 200 வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை தவறான பதில்கள்தான் அச்சில் இருந்தன.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1656 கடைசியில் 'சீ ஹார்ஸ்' என்ற சின்னக் கப்பலில் எட்வர்ட் ப்ரெஸ்காட் என்ற வியாபாரியின் உதவியாளராக ஜான் புறப்பட்டார். வர்ஜீனியாவில் புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பொட்டோமாக் நதியில் கப்பல் தரைதட்டியது. அத்தோடு ஜான் அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். சம்பளத்தைக் கொடு என்று ப்ரெஸ்காட்டைக் கேட்டார். அவரோ, "நீதான் எனக்குப் பணம் தர வேண்டும்" என்று மல்லுக்கு நின்றார். அப்போது நதானியேல் போப் என்ற உள்ளூர் நிலக்காரர் ஜானுக்காக முன்வந்து, அந்தக் கடனை நான் கொடுக்கிறேன், ஒரு பவுண்டு எடை எட்டு ஷில்லிங் என்ற கணக்கில் பீவர் என்ற நீர்விலங்கின் தோலாகத் தருகிறேன் என்றார். இது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. போப்புக்கு ஏன் இத்தனை அக்கறை? அவருக்கு ஆன் என்று ஒரு மகள் இருந்தாள். கல்யாணமும் நடந்தது, மாமனார் வீட்டுச் சீதனமாக 700 ஏக்கரும் வந்தது.

அதற்குப் பிறகு நிலம் வளர்ந்த கதை வேகமானது. கடல் தாண்டி ஓர் ஆளைக் கொண்டுவந்தால், அவருடைய பயணச் செலவை ஏற்றவருக்கு ஆளுக்கு 50 ஏக்கர் என்று வர்ஜீனியாவில் ஒரு சட்டம். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். 1674இல் நிக்கோலஸ் ஸ்பென்சர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, லிட்டில் ஹண்டிங் ஓடையோரம் 5,000 ஏக்கருக்கு ஜான் உரிமை வாங்கினார். அதில் வாஷிங்டன் பங்குதான் பிற்பாடு ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் பண்ணை ஆனது.

சரி, இந்த மனிதரின் பூர்வீகம் பற்றிக் குடும்பத்துக்கு என்ன தெரியும்? இங்கேதான் கொள்ளுப்பேரன் வருகிறார். இங்கிலாந்து அரசின் குலச்சின்ன அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர் சர் ஐசக் ஹர்ட். அவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதி, உங்கள் முன்னோர் விவரம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். 1792 மே மாதம் ஜனாதிபதி பதில் எழுதினார். இந்த விஷயத்தில் நான் அவ்வளவாகக் கவனம் செலுத்தியதில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஜான், லாரன்ஸ் என்று அண்ணன் தம்பி இருவர் வந்ததாகவும், அவர்கள் இங்கிலாந்தின் வடக்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று கேள்விப்பட்டதாகவும், லங்காஷயரா, யார்க்‌ஷயரா, இன்னும் வடக்கேயா என்று சரியாக நினைவில்லை என்றும் சொன்னார். மூன்று தலைமுறைக்குள் ஊர்ப்பெயர் மறந்துபோயிருக்கிறது. அவர் சொன்ன திசையும் தப்பு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஹர்டின் கையில் ஏற்கெனவே ஒரு வம்சாவளி இருந்தது. நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊரில் வாஷிங்டன் குடும்பம் ஒன்று இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் அந்த ஊர் நிலத்தை வாங்கிய குடும்பம். அதில் லாரன்ஸ் வாஷிங்டன், மார்கரெட் பட்லர் தம்பதிக்கு எட்டு மகன்கள், ஒன்பது மகள்கள் என்று கிரேட் பிரிங்டன் ஆலயத்தில் கல்லறை எழுத்தே இருக்கிறது. அந்த எட்டு மகன்களில் ஒருவர் ஜான், ஒருவர் லாரன்ஸ். ஹர்டுக்கு அது போதுமானதாக இருந்தது. அண்ணன் தம்பி, ஜானும் லாரன்ஸும், வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர்! வம்சாவளி தயார். அடுத்த எழுபது வருஷம் புத்தகத்துக்குப் புத்தகம் இதையே பார்த்து எழுதினார்கள்.

இதில் இடிக்கும் இடம் எங்கே என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். அந்தத் தகப்பனார் 1616இல் இறந்துவிட்டார். அப்படியானால் மகன் ஜானுக்கு 1657இல் நாற்பது வயது தாண்டியிருக்க வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட, நல்ல குடும்பத்து மனிதர் ஒரு சின்னக் கப்பலில் உதவியாளராக வந்து சம்பளத்துக்குச் சண்டை போடுவாரா? நடக்கலாம்தான். சந்தேகம் ஒன்றே போதாது, சான்று வேண்டும்.

சான்றைக் கொண்டுவந்தவர் ஜோசஃப் லெமுவேல் செஸ்டர். லண்டனில் குடியேறிய அமெரிக்கர். இங்கிலாந்தின் பழைய பதிவேடுகளில் ஊறிக் கிடந்தவர். 1866இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சல்கிரேவ் குடும்பத்து ஜான், 1623இல் அரசரிடம் 'சர்' பட்டம் வாங்கிய சர் ஜான் வாஷிங்டன். த்ராப்ஸ்டன் ஊர்க்காரர். வர்ஜீனியாவில் இருக்கும் பத்திரம், உயில், நீதிமன்றப் பதிவு எதிலும் நம் ஜானுக்கு 'சர்' கிடையாது. அந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவர் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கப்பலேற மாட்டார்! சர் ஜானுடைய மனைவியும் பிள்ளைகளும் வேறு. தம்பி லாரன்ஸோ ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பாதிரியார் ஆனவர். எஸ்ஸெக்ஸில் பர்லி என்ற ஊர் ஆலயத்தில் இருந்தவர். ஆக, இரண்டு பேரும் ஆள் மாறாட்டம்.

செஸ்டர் சுவரை இடித்தாரே ஒழிய, வேறு சுவர் எழுப்பவில்லை. இந்த வெற்றிடத்தில் வேடிக்கை ஒன்று நடந்தது. 1879இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் வெல்ஸ் என்பவர் வாஷிங்டன் குடும்ப வரலாறு என்று ஒரு கனத்த புத்தகம் போட்டார். அதில் வட ஐரோப்பியப் புராணத்து ஓடின் தெய்வத்திலிருந்து, அதாவது கி.மு. 70இலிருந்து, 55 தலைமுறை இடைவெளியில்லாமல் ஜார்ஜ் வாஷிங்டன் வரை வந்துவிட்டது. சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் ஊர் ஜனாதிபதிக்கே தெரியவில்லை. இவருக்கு ஓடினுடைய பேரன் பெயர் தெரிந்திருக்கிறது. புத்தகத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் பாவம்.

உண்மையான விடை 1889இல் வந்தது. ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தவர். நியூ இங்கிலாந்து வம்சாவளிக் கழகத்துக்காக லண்டனில் உட்கார்ந்து பழைய உயில்களைப் படித்துக் குறிப்பெடுப்பதுதான் அவர் வேலை. அவருடைய வழியை நான் மிகவும் மதிக்கிறேன், காரணம் சொல்கிறேன். ஹர்ட் இரண்டு பெயரைத் தேடினார். வாட்டர்ஸ் ஒரு முழுக் குடும்பத்தையே தேடினார்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ட்ரிங் என்று ஓர் ஊர், லண்டனுக்கு வடமேற்கே. அங்கே ஆண்ட்ரூ நோலிங் என்பவர் எழுதிய உயில், 1650ஐ ஒட்டிய காலத்தது. தன் ஞானப்பிள்ளை லாரன்ஸ் வாஷிங்டனுக்கு ட்ரிங்கில் உள்ள நிலம். ஆம்ஃபில்லிஸ் வாஷிங்டன் என்ற பெண்ணுக்குப் பணம். அவளுடைய மற்றப் பிள்ளைகள் ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா ஐவருக்கும் ஆளுக்கு 28 பவுண்டு. ட்ரிங் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1635இல் லாரன்ஸ், அடுத்த வருஷம் எலிசபெத், 1641இல் வில்லியம். அப்புறம் ஒரு நீதிமன்ற ஆணை: ட்ரிங்கில் இறந்துபோன ஆம்ஃபில்லிஸின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை அவள் வயிற்றில் பிறந்த மகன் ஜானுக்கு, பிப்ரவரி 1656. அந்த வருஷக் கடைசியில் நம் ஜான் கப்பலில் இருக்கிறார்.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் வாருங்கள். ஜான் 1675இல் எழுதிய உயிலில், தங்கை மார்த்தாவுக்கு இங்கிலாந்தில் இருக்கும் தன் பணத்திலிருந்து 10 பவுண்டும், 4,000 பவுண்டு எடை புகையிலையும் எழுதிவைக்கிறார். அவளைக் கப்பலில் அழைத்துவந்த செலவையும் தள்ளுபடி செய்கிறார். தம்பி லாரன்ஸ் அதே வருஷம் எழுதிய உயிலில், இங்கிலாந்துச் சொத்து முழுவதும் மூத்த தாரத்து மகளுக்கு. அந்த மார்த்தா வர்ஜீனியாவில் ஹேவர்ட் என்பவரைக் கட்டிக்கொண்டு, 1697இல் தன் உயிலை எழுதுகிறாள். அதில் அக்கா எலிசபெத், இன்னொரு சகோதரி மார்கரெட். ட்ரிங் உயிலில் இருந்த அதே பெண்கள்! ஜானும் லாரன்ஸும் எந்த வாஷிங்டன் வீட்டிலும் இருப்பார்கள். ஜான், லாரன்ஸ், எலிசபெத், மார்கரெட், மார்த்தா என்று ஐந்து பேரும், இங்கிலாந்தில் சொத்தும் சேர்ந்து இரண்டு கரையிலும் ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது.

அந்தப் பிள்ளைகளின் தகப்பன் யார்? உறவினர் உயில்களையும் திருச்சபைக் காகிதங்களையும் கோத்துப் பார்த்து வாட்டர்ஸ் நிறுவியது இது: பர்லி பாதிரியார் லாரன்ஸ்தான். ஹர்ட் எந்த லாரன்ஸைக் கப்பலேற்றினாரோ, அவர் கப்பலேறவே இல்லை. அவருடைய மகன்கள் ஏறினார்கள். குடும்பத்தைச் சரியாகப் பிடித்த ஹர்ட் ஒரு தலைமுறையில் தடுக்கி விழுந்திருக்கிறார். பாதிரியாரின் கதையும் மகனின் வறுமையை விளக்கிவிடுகிறது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அவர் அரசர் பக்கம். சாராயக்கடையே கதி என்று குற்றம்சாட்டி 1643இல் நாடாளுமன்றத்தார் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். குற்றச்சாட்டில் எத்தனை பங்கு குடி, எத்தனை பங்கு அரசியல் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒன்றுமில்லாமல் இறந்த அப்பாவின் மூத்த மகன் புகையிலைக் கப்பலில் வேலைக்குப் போனதில் என்ன ஆச்சரியம்?

கவனித்தீர்களா, வழக்கைத் தீர்த்த காகிதம் எல்லாம் பணத்துக்காக எழுதியவை. வழக்கைக் குழப்பியவை பெருமைக்காக எழுதியவை. ஆனால் பணக் காகிதமும் அப்படியே நம்பத்தக்கதல்ல. 50 ஏக்கர் சட்டத்தால், ஒரே ஆள் பெயரைக் காட்டிக் கப்பல்காரரும் நிலம் கேட்பார், பண்ணைக்காரரும் கேட்பார். பட்டாவில் உள்ள தேதியை ஆள் வந்த தேதி என்று எடுத்துக்கொண்டால் சில வருஷம் பிசகிவிடும். போதாக்குறைக்கு, அதே காலத்தில் வர்ஜீனியாவின் சர்ரி பகுதியில் இன்னொரு ஜான் வாஷிங்டன் வேறு இருந்தார்.

நாள்காட்டியும் ஒரு வில்லன். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25இல்தான் பிறக்கும். ஆம்ஃபில்லிஸ் ஆணையை பிப்ரவரி 1656 என்றேனே, காகிதத்தில் இருப்பது 1655. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்ததைக் குடும்ப பைபிளில் 1731/2 என்று இரட்டையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இது தெரியாதவர் கையில் பதிவேடு கிடைத்தால், ஒரே குழந்தை இரண்டு வருஷத்தில் பிறக்கும்.

சில சமயம் நல்ல சான்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கும். பழைய முதலாளி ப்ரெஸ்காட்டை ஜான் விடவில்லை. அவர் கப்பலில் எலிசபெத் ரிச்சர்ட்சன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று தூக்கிலிட்டார்கள் என்று 1659இல் மேரிலாந்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு வரச் சொல்லி ஆளுநர் தேதி குறித்தார். ஜான் எழுதிய பதில்: அன்றைக்கு என் மகனுக்கு ஞானஸ்நானம், விருந்தாளிகளையும் ஞானப்பெற்றோரையும் அழைத்தாகிவிட்டது, வர முடியாது. சாட்சி வராததால் ப்ரெஸ்காட் தப்பித்தார். ஒரு பெண்ணின் சாவைவிட விருந்து பெரிதாகப் போயிற்றே என்று எனக்கு இன்னும் கோபம் வரும். ஆனால் ஜார்ஜ் வாஷிங்டனின் தாத்தா லாரன்ஸ் 1659இல் பிறந்தவர் என்பதற்குக் கையில் இருக்கும் சான்று இந்தச் சாக்குக் கடிதம்தான்.

ஜானுடைய பிறந்த வருஷம் 1631 என்று ஒரு புத்தகம், 1633 என்று இன்னொரு புத்தகம். அப்பா 1633 வாக்கில்தான் ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரிப் பதவியை விட்டார். அந்தப் பதவியில் இருப்பவர்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்பது விதி. ஆகவே என் ஓட்டு பிந்தைய வருஷத்துக்கு.

கடைசியாக, இணையத்தில் வாஷிங்டன் குடும்ப மரம் ஏதாவது கண்ணில் பட்டால் ஜானுடைய அம்மா பெயரைப் பாருங்கள். பழைய ஆசிரியர்கள் ஆம்ஃபில்லிஸை ரோட்ஸ் வீட்டுப் பெண் என்று எண்ணினார்கள். அவள் ட்விக்டன் வீட்டுப் பெண், நோலிங் அவளுக்கு மாற்றாந்தகப்பன் என்பது பிறகு தெரிந்தது. அங்கே ரோட்ஸ் என்று இருந்தால், அந்த மரத்தைப் போட்டவர் பழைய புத்தகம் ஒன்றை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். மற்றக் கிளைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.