நடுக்களத்துப் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் ஆசிரியை நான். இன்று என்னிடம் பழகிய ஒரு பிள்ளையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் வேண்டாம், அவளுக்குக் கூச்சம்.

உப்புவெளிப் பக்கத்துப் பிள்ளை. தரம் ஏழில் வந்தாள். அண்ணன்மாரோடு கடற்கரை மணலில் வெறுங்காலோடு விளையாடிய பழக்கம். ஆள் கட்டை, வேகமும் பெரிதாக இல்லை. அதனால் முதல் வருடம் பின்களத்தில் ஓரமாக நிறுத்திவிட்டேன். அது என் பிழை. ஒரு நாள் கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பந்தைத் துரத்துகிறார்கள். இவள் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறாள். பந்து காலுக்கு வந்ததும் ஒரே தட்டு. மறுகரையில் தனியாக நின்றவளிடம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே அவளை நடுக்களத்துக்கு மாற்றினேன்.

பின்களத்தில் நிற்பவளுக்கு மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். நடுவில் நிற்பவளுக்கு நாலு பக்கமும் ஆள். 90 நிமிட ஆட்டத்தில் பத்து கிலோமீற்றர் அளவுக்கு ஓடுவாள், அதில் பந்து அவள் காலில் இருப்பது மிகக் கொஞ்ச நேரம். பந்து வருமுன்பே தோளுக்கு மேலால் இரண்டு தரம் பார்த்துவிட வேண்டும். பிரெட்ரிக் கோட்டையடி மான்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வாய் மேயும், தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும், பிறகுதான் அடுத்த வாய். பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

ஸ்பெயினின் ஐதானா பொன்மதி, பெயரே நம் வீட்டுப் பிள்ளை பெயர் போல, சிறு வயதில் பையன்களோடு விளையாடி வளர்ந்தவர். உயரமானவர் அல்ல. நடுக்கள வீராங்கனை. 2023, 2024, 2025 என மூன்று வருடமும் உலகின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப்பந்து விருது அவருக்குத்தான். ஆள் கட்டை என்று இனி ஒரு பிள்ளையையும் ஓரத்தில் நிறுத்த மாட்டேன்.

சரி, எங்கள் பிள்ளைக்கு சாதாரண தரப் பரீட்சை வந்தது. அம்மா வந்து, "ரீச்சர், ஓஎல் முடியும் மட்டும் விடுங்கோ" என்றார். ஓஎல் முடிந்ததும் ஏஎல் ரியூஷன். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏஎல் என்கிற உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதானே இங்கே பல்கலைக்கழகத்தின் வாசல். ஆனாலும் நடுக்கள ஆட்டம் உடம்பில் ஊற வருடங்கள் வேண்டும். பதினாறு வயதில் விட்டால், காலின் பழக்கம் பிறகு திரும்பி வந்துவிடும், சுற்றிப் பார்க்கும் அந்தப் பார்வை எளிதில் திரும்பி வராது. நான் கெஞ்சிக் கேட்டது கிழமையில் இரண்டு பின்னேரம். கிடைத்தது ஒன்று. மிச்ச நாட்களில் கிணற்றடிச் சுவரில் பந்தை அடித்து, அது திரும்பி வருமுன் பின்னால் பார்த்துப் பழகினாள்.

நம் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டம் என்றால் அது பல்கலைக்கழக ஆட்டம். அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் அங்கே சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் பெண்கள் அணிகள் பெருகின. 1982இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கு முதல் உதைபந்தாட்டச் சம்பியன் போட்டியை நடத்தியது, வட கரோலினா பல்கலைக்கழகம் வென்றது. அந்தச் சங்கத்தில் கல்லூரிகள் மூன்று பிரிவு. மேல் இரண்டு பிரிவுகளிலும் விளையாட்டுக்கே புலமைப்பரிசில் உண்டு. மூன்றாம் பிரிவில் அது கிடையாது, ஆனாலும் பிள்ளைகள் படித்துக்கொண்டே நான்கு வருடம் ஆடுகிறார்கள். அங்கே படிப்பும் பந்தும் ஒரே வாசலால் உள்ளே போகின்றன. இங்கே ஒன்றை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

இவள் இரண்டையும் கொண்டு போனாள். பரீட்சை முடிந்து அனுமதி வரும் வரைக்கும் நீண்ட காத்திருப்பு, அந்த மாதங்களில் என் சின்னப் பிள்ளைகளோடுதான் ஓடினாள். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் கிழமையே தொலைபேசியில் அழைத்து, "ரீச்சர், பதினொரு பேர் சேரவில்லை" என்று அழுதாள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஆறு. ஆறு பேரோடு தொடங்கு என்றேன். விடுதியில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, இரண்டாம் வருடம் முழு அணி ஆனது. "பின்னால ஆள்!" என்று கத்துவதற்குச் சிங்களத்தில் "பிட்டிபஸ்ஸ!" என்று பழகிக்கொண்டாளாம். அதை அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வருகிற விடுமுறைக்கு வருகிறாள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் பயிற்சி. அவளை நடுக்களத்தில் ஆட விட்டு, சின்னப் பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே இருத்தி, பந்தைப் பார்க்க வேண்டாம், அக்காவின் தலையை மட்டும் பாருங்கோ என்று சொல்லப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.