அந்துப்பூச்சியின் உணர்கொம்பைச் சுமந்து பறக்கும் டிரோன்

வணக்கம் நேயர்களே. அந்துப்பூச்சி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த உணர்கொம்பு இன்னும் உயிர்ப்போடு இருக்க, அதைத் தன்மேல் பொருத்திக்கொண்ட ஒரு குட்டி டிரோன், அறைக்குள் வீசும் மணம் எங்கிருந்து வருகிறது என்று தானே தேடிப் பறக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெலனி ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தக் கருவியின் பெயர் ஸ்மெல்லிகாப்டர். அதன் சூட்சுமத்தைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் பக்கம் வந்தாலே போதும்.

(காட்சி: சாம்பிராணிப் புகை, மெதுவான ஓட்டத்தில்)

அடுத்த முறை பூசை வேளையில் சாம்பிராணிப் புகையைச் சற்றுப் பொறுமையாகக் கவனியுங்கள். தணலுக்கு அருகில் அடர்ந்தும், தள்ளிப் போகப் போகச் சீராக மெலிந்தும் அது பரவும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் காற்று அதை இழை இழையாகப் பிரித்துவிடுகிறது. ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவே புகையே கலவாத வெறுங்காற்று கிடக்கிறது. அதனால், ஆறடி தள்ளி நிற்பவர் முகத்தில் கெட்டியான புகை வந்து மோதும் அதே நொடியில், மூன்றடியில் நிற்பவருக்கு ஒன்றுமே எட்டாமல் போகலாம். கண்ணுக்குத் தெரியாத மணங்களும் இப்படியே கிழிந்து கிழிந்துதான் பயணம் செய்கின்றன. மணம் கூடும் பக்கம் போனால் போதும் என்று நம்பிய பூச்சி, பாதி வழியிலேயே திசை கெட்டுப்போகும்.

அந்துப்பூச்சி இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. மணம் உணர்கொம்பில் பட்டதும் அது காற்றை எதிர்த்து முன்னேறுகிறது. மணம் அறுந்ததும் காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக அலைந்து, அடுத்த இழை தட்டுப்படும்வரை தேடுகிறது. எந்தத் திசை என்பதைக் காற்றுதான் சொல்கிறது. இன்னும் தடத்தில்தான் இருக்கிறோமா என்பதை மட்டுமே மணம் சொல்கிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் வருகிறது. ஆற்றின் போக்கில் மிதந்து போகும் படகில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாது. காற்றோடு சேர்ந்து நகரும் பூச்சியின் நிலையும் அதுவே. அப்படியிருக்க, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அது கீழே பார்க்கிறது. தரையிலுள்ள இலையும் கல்லும் தன் கண்ணுக்குக் கீழே நகரும் விதத்தை வைத்து, காற்று தன்னை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அறிந்துகொள்கிறது. மணத்தைப் பின்தொடர்வதற்குக் கண் தேவைப்படுகிறது என்பதை முதலில் அறிந்தபோது நான் அன்று முழுவதும் வேறெதையும் எண்ணவில்லை.

ஸ்மெல்லிகாப்டர் செய்வதும் இதுதான். கீழ்நோக்கிய கேமராவால் தரையைப் பார்த்துத் தன் நிலையைக் காத்துக்கொள்கிறது. பின்புறமுள்ள இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள், கோபுரத்துக் காற்றுக்காட்டியைப் போல, அதன் முகத்தைக் காற்று வரும் பக்கமே திருப்பிவைக்கின்றன. உணர்கொம்பின் இரு முனைகளிலும் மெல்லிய கம்பி செருகப்பட்டுள்ளது. மணம் பட்டதும் எழும் மின்குறியை அந்தக் கம்பிகள் கடத்துகின்றன. பிரித்தெடுத்த உணர்கொம்பு நான்கு மணி நேரம் வரை வேலை செய்கிறது. எல்லாரும் உணர்கொம்பையே வியக்கிறார்கள்; என் வியப்பெல்லாம் கணினியின் உதவியே இல்லாமல் திசை காட்டும் அந்த இரண்டு தகடுகள்மேல்தான்.

இதுவும் ஏன் பூச்சியைப் போலச் சிறகடித்துப் பறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிறகடிக்கும் குட்டி ரோபோவான ரோபோபீ 80 மில்லிகிராம் எடையுடையது, நொடிக்கு ஏறத்தாழ 120 முறை சிறகடிக்கிறது, 2013இல் பறந்துகாட்டியபோது கம்பி வழியாகவே மின்சாரம் பெற்றது. தன் மின்கலத்தைத் தானே சுமக்க வேண்டிய ஸ்மெல்லிகாப்டர் சுழலிகளைக் கொண்டு பறப்பதில் வியப்பில்லை.

இந்த ஆராய்ச்சியின் வேர் பட்டுப்பூச்சியில் இருக்கிறது. பெண் பூச்சி ஆணை அழைக்கும் மணப்பொருளை ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் புட்டனாண்ட் 1959இல் பிரித்தறிந்தார். அதற்காக அவர் குழு ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைப் பயன்படுத்தியது.

நம் பினாங்குக் கொடிமலை அடிவாரத்திலும் ஆயர் ஈத்தாம் பக்கமும் இரவு விளக்கைத் தேடி அட்லஸ் அந்துப்பூச்சி வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. விரித்த உள்ளங்கைகள் இரண்டின் அளவுக்கு அதன் சிறகு இருக்கும். வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. எஞ்சிய சில நாள்களும் இணை தேடவே. சுவரில் ஒன்றைக் கண்டால் தொடாமல், வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். அதற்குமுன் தலைப்பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். உணர்கொம்பு அகன்ற சீப்பைப் போல் இருந்தால், அது பெண்ணின் மணத்தைத் தேடிக் காற்றை எதிர்த்துக் கிளம்பிய ஆண் பூச்சி.